எல்லா ஸ்டேஷனிலும் ஒரே இரைச்சல்

சாரதாம்பாள் வீட்டில் ரேடியோ கிடையாது. மலாயாவில், காஜா பெராங் தெருவில், அந்த ஆகஸ்ட் மாதம் நாலு பேர் கூடின இடத்திலெல்லாம் ரேடியோ இரைச்சலைப் பற்றித்தான் பேச்சு. அவள் மட்டும் அது வேலையற்றவர்களின் வம்பு என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரைச்சல் உன் வீட்டிலிருந்துதான் கிளம்புகிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், சொன்னவன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பான்.

சாயங்காலம் விளக்கு வைத்த கையோடு அது வரும். வந்தால் அரை மணி நேரம் போல நிற்கும். கலியாணசுந்தரத்தின் மளிகைக் கடையில் பெரிய ரேடியோ ஒன்று இருந்தது. கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் பாதி, பாட்டுக் கேட்க வருகிறவர்கள் பாதி. மலாயா வானொலியில் தமிழ்ச் செய்தி ஆரம்பித்ததும் ‘கர்ர், கர்ர்’ என்று விட்டு விட்டு அடிக்கும். சிலோனுக்குத் திருப்பினால் அங்கேயும் அதே. லண்டனுக்குத் திருப்பினால் அங்கேயும் அதே. முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாலும் கூடவே ஓடி வரும். பக்கத்து ஸ்டேஷன் சத்தம் கொஞ்சம் எட்டிப் பார்ப்பது எல்லா ரேடியோவிலும் உள்ளதுதான். இது அப்படியில்லை, எல்லா ஸ்டேஷனிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

சமயமும் சரியில்லை. மாதக் கடைசியில் சுதந்திரம். கோலாலம்பூரில் கொடியேற்றுவதை நேரடியாக ஒலிபரப்பப் போகிறார்கள். கலியாணசுந்தரம் கடை வாசலில் பந்தலுக்குச் சொல்லி, பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள், செட்டிக் குடும்பங்கள், எதிர்ச் சாரியில் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டுவிட்டான். இத்தனை பேரையும் உட்கார வைத்து ‘கர்ர்’ கேட்க வைப்பதா என்று அவன் கண்ட பேரிடமெல்லாம் புலம்பினான். காட்டில் இன்னும் கம்யூனிஸ்டுகள் இருந்த காலம். எவனோ களவாகத் தந்தி அடிக்கிறான் என்று ஒரு வதந்தியும் கிளம்பவே, அவன் நேராக டெலிகம் ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

சாரதாம்பாளுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவள் கவலையெல்லாம் ஒரு விரலைப் பற்றியது.

அவள் புருஷன் அப்பாசாமி துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடின கப்பலில் கம்பியில்லாத் தந்தி அடித்துக்கொண்டிருந்தார். சித்திரை மாதத்தில் அவருக்கு வாதம் அடித்தது. கை, கால், நாக்கு எல்லாம் ஒரே காலைப் பொழுதில் போய்விட்டன. கண் திறந்திருக்கும். ஆனால் விழி சொன்ன பேச்சுக் கேட்காது, மேலே சொருகிக் கிடக்கும். ஊட்டினால் விழுங்குவார். பார்த்த டாக்டர், உள்ளே நினைவு இருக்கிறதா இல்லையா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். இருக்கிறது என்றாள் சாரதாம்பாள். டாக்டர் பாவம் போலத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை அவள் மன்னிக்கவே இல்லை.

பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் அவளும் அவருமாகத்தான். டாக்டர் கைவிட்டால் என்ன, வைத்தியர்களுக்கா பஞ்சம் என்று எண்ணெய், பற்று, கசாயம் எல்லாம் பார்த்தாள். கடைசியில் பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து ஒரு மின்சார வைத்தியர் வந்து சேர்ந்தார். கூடவே ஒரு மரப்பெட்டி வந்தது. அதற்குள் செம்புக் கம்பி சுற்றிய ஓர் உருளை. பக்கத்தில் விடாமல் துடிக்கும் ஒரு சின்னத் தகடு. லாரி பேட்டரியை மாட்டினால் பெட்டி வண்டு போல உறுமும்.

பெட்டியிலிருந்து இரண்டு வயர் புறப்பட்டது. ஒன்று இரும்புக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், ஈரத் துணியோடு அப்பாசாமியின் பாதத்தில் முடிந்தது. மற்றது ஒரு பித்தளைத் தட்டில். தட்டை அவருடைய இடது கைக்கடியில் வைத்து, ஆட்காட்டி விரல் அதில் படும்படி செய்ய வேண்டும். விரல் பட்டால் கரண்ட் உடம்பில் ஏறும், விரல் எடுத்தால் நிற்கும். செத்த நரம்பு இதில்தான் பிழைக்கும் என்றார் வைத்தியர். விரல் தட்டைவிட்டு எழும்பி நின்றால் பிடித்து அழுத்தி வைக்கச் சொன்னார். சாரதாம்பாள் அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தாள்.

பெட்டி வந்து பத்து, பதினைந்து நாளில் அந்த விரல் தானாக அசைந்தது.

அவள் அன்றைக்குத் தெருவில் சொல்லாத வீடு இல்லை. பக்கத்து வீட்டு ரஹீமாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். தட்டில் பட்டதும் விரல் சுண்டிக்கொண்டு எழும்பும், கொஞ்சம் அந்தரத்தில் நிற்கும், மறுபடி விழும், மறுபடி சுண்டும். பெட்டி இல்லாத நேரத்திலும் படுக்கை விரிப்பின் மேல் லேசாகத் தட்டிக்கொண்டிருக்கும். ரஹீமா நாலு பிள்ளை பெற்றவள், கண்ணில் ஒன்றும் தப்பாது.

“விரல் நுனி கறுத்துக் கிடக்கே, சாரதாக்கா.”

“மருந்து வேலை செஞ்சா அப்படித்தான். தேங்கா எண்ண போடுறேன்.”

சில நாள் விரல் எழும்பினால் சட்டென்று இறங்காது. நடுங்கிக்கொண்டே அந்தரத்தில் நிற்கும். “அடம் புடிக்காதீங்க, தொடுங்க” என்று குழந்தையை அதட்டுவது போல அதட்டி, அவளே தன் விரலால் அழுத்திவிடுவாள். அவர் கண்ணில் நீர் வடியும். வாதக்காரருக்கு எப்போதும்தான் கண்ணில் நீர் வடிகிறது. அதையும் முந்தானையால் துடைத்துவிடுவாள்.

டெலிகம் ஆபீசிலிருந்து வந்தவர் பெயர் தம்பிராஜா. யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். முழங்கால்வரை காலுறை போட்டு, தோளில் வாரோடு ஒரு கைப்பெட்டி ரேடியோவைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியபடி தெருவில் நடந்துவந்தார். ‘கர்ர்’ கூடக்கூட நடையும் வேகமாகியது. பின்னால் கலியாணசுந்தரம். அவனுக்குப் பின்னால் தெருவில் சும்மா இருந்த அத்தனை பேரும். ஊர்வலம் சாரதாம்பாள் வீட்டு வாசலில் வந்து நின்றது. கைப்பெட்டி காதைக் கிழித்தது.

அவள் அப்போதுதான் பெட்டியை ஓடவிட்டிருந்தாள்.

“அம்மா, அந்தப் பெட்டியை ஒருக்கா நிப்பாட்டுங்கோ” என்றார் தம்பிராஜா, வாசலில் நின்றபடியே.

“நேரமாகும். உக்காருங்க.”

“நிறுத்துக்கா, சர்க்கார் ஆளு” என்றான் கலியாணசுந்தரம்.

அவள் முறைத்துக்கொண்டே பேட்டரி வயரைக் கழற்றினாள். கைப்பெட்டியில் இரைச்சல் அறுந்து, எவனோ ஒருத்தன் மலாய்ப் பாட்டுப் பாடினான். மறுபடி மாட்டச் சொன்னார். மாட்டினாள். பாட்டுக்காரன் குரல் இரைச்சலில் முழுகிப்போனது. வாசலில் நின்ற கூட்டம் ‘ஓ’ என்றது. நாற்பது வீட்டு ரேடியோவைக் கெடுத்தவள் யாரென்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

தம்பிராஜா பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கோபம் ஒன்றும் இல்லை அவருக்கு. உட்கார்ந்து, அவளுக்கு விளங்கட்டும் என்று நிதானமாகச் சொன்னார்.

“ஒரு ஸ்டேஷன் எண்டால் தனக்கெண்டு ஒரு இடத்தில நிற்கும், அம்மா. முள்ளை அந்த இடத்துக்குக் கொண்டு போனால்தான் கேட்கும். மின்சாரப் பொறி அப்பிடி இல்லை. கண்ணிமைக்க முன்னம் வெடிச்சு, எல்லா இடத்திலயும் ஒரே நேரத்தில போய் விழும். முள் எங்கை நிண்டாலும் ஒண்டுதான். உங்கட கட்டிலும் வயரும் அதை வாங்கி வெளியில வீசுது.”

“என் கட்டிலா?”

“ஓம். இப்ப இந்தத் தெருவுக்கு உங்கட கட்டில்தான் ஏரியல்.”

வாசலில் சிரிப்பு எழுந்தது. சாரதாம்பாள் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

“முதல்ல களவுத் தந்தியோ எண்டு யோசிச்சன்” என்றார் தம்பிராஜா. “ரெண்டு நாள் ஆபீசில இருந்து கேட்டனான். தந்தி எண்டால் அடியில குறிலும் வேணும், நெடிலும் வேணும். குறில் நெடிலைச் சேர்த்துத்தான் எழுத்து. இதில எல்லாம் ஒரே குறில். ஒரு அடிகூட நீளமில்லை. அதால தந்தி இல்லை எண்டு விளங்கீட்டுது.”

குறிலோ நெடிலோ அவளுக்கு அதைப் பற்றி என்ன. “இப்ப என்ன செய்யணும்கிறீங்க?” என்று கேட்டாள்.

“சட்டப்படி பார்த்தால் பெட்டியை நான் எடுத்துக்கொண்டு போகவேணும்.”

“எடுத்துட்டுப் போயிடுங்க சார், ரொம்ப சூசாவா போச்சு” என்றான் கலியாணசுந்தரம். தொல்லை பொறுக்க முடியவில்லை என்று பத்து நாளாகப் பாடிய பாட்டுத்தான்.

“நீ பாட்டு கேக்குறதுக்கு என் புருசன் படுத்தே கெடக்கணுமாடா?” என்றாள் சாரதாம்பாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள். அவன் படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டான்.

பிறகு அவள் தம்பிராஜாவிடம் கைகூப்பவும் இல்லை, அழவும் இல்லை. கட்டிலின் ஓரமாகப் போய் நின்றுகொண்டு சொன்னாள்: “நாலு மாசமா இவரு கட்ட மாதிரி கெடந்தாரு. அசையிறது இந்த ஒரு வெரலுதான். அது இந்தப் பெட்டியால அசையுது. பெட்டிய எடுத்தா வெரல் நின்னுரும். வெரல் நின்னா அப்புறம் எனக்கு ஒண்ணுமில்ல. தெரிஞ்சுக்கிட்டு எடுங்க.”

“கொடியேத்துற அண்டைக்காவது…”

“சுதந்திரம் எங்கயும் ஓடிறாது சார். இவருக்கு ஒரு நாள் விட்டா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

தம்பிராஜா தலையைச் சொறிந்துகொண்டார். ஆபீசில் வெள்ளைக்கார அதிகாரி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அந்த நாற்காலி தனக்கு வரும் என்று இவருக்கு ஒரு நப்பாசை. சுதந்திர தினத்தன்று ஒரு தெருவே ஒலிபரப்பைக் கேட்க முடியவில்லை என்றால் நாற்காலி கிடைத்த மாதிரிதான். ஆனாலும் அந்தக் கட்டிலைப் பார்த்த பிறகு பெட்டியைத் தூக்கக் கை வரவில்லை. நாளைக்கு வந்து, பொறி வெளியே போகாதபடி பெட்டியில் ஒரு கண்டன்சரும் கம்பிச் சுருளும் போட்டுத் தருகிறேன், வயரைக் கட்டிலிலிருந்து பிரித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் இரண்டு வாய் சோறு கூடவே சாப்பிட்டாள்.

மறுநாள் முப்பதாம் தேதி. சாயங்காலம் சொன்னபடி அவர் வந்தார். தெருவில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பிராஜா தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, ஈயம் உருக்கி எதை எதையோ ஒட்டினார். வயரைக் கட்டிலிலிருந்து கழற்றி நேராகப் பாதத்துக்குக் கொண்டுபோனார். அவள் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

“இப்ப போடுங்கோ பாப்பம்.”

அவள் பேட்டரியை மாட்டி, புருஷன் விரலைத் தட்டில் வைத்தாள். பெட்டி உறுமியது. விரல் சுண்டியது. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரஹீமாவின் குரல் வந்தது.

“சாரதாக்கா, எங்க வீட்டு ரேடியோ தெளிவா பாடுது. சத்தமே இல்ல.”

சாரதாம்பாள் சிரித்தாள். நாலு மாதத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். பெட்டியும் இருக்கும், தெருவும் வாயை மூடும். கலியாணசுந்தரம் என் முகத்தில் எப்படி விழிக்கிறான் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

தம்பிராஜா எழுந்துபோகவில்லை. தெருவுக்குச் சத்தம் போகாவிட்டாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். கைப்பெட்டியைக் கட்டிலை ஒட்டி வைத்து, காதுக்குழாயை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் வழக்கம் போல விரல் எழும்பி நின்றபோதெல்லாம் அழுத்தினாள்.

“அழுத்தாதேங்கோ அம்மா” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். “விரலை அதன்ர பாட்டில விடுங்கோ.”

அளக்கிறதுக்கு அப்படி வேண்டும் போல என்று அவள் கையை எடுத்துக்கொண்டாள். விரல் விழுந்தது, சுண்டி எழுந்தது. சட்டென்று விழுந்தது. எழுந்து, இம்முறை வெகு நேரம் நின்று விழுந்தது. தம்பிராஜாவின் கை தன் முழங்காலில் எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறிக்கொண்டே வந்ததை அவள் பார்த்தாள்.

“நிப்பாட்டுங்கோ” என்றார். நிறுத்தினாள். காதுக்குழாயை இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டார். பிறகு, “இன்னும் ஒருக்கா, ஒரே ஒருக்கா போடுங்கோ” என்றார். போட்டாள். இந்தத் தடவை அவர் உதடும் அசைந்தது. பாதியிலேயே அவராகக் கையை நீட்டிப் பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டார்.

“ஐயா என்ன வேலை பார்த்தவர்?”

“துறைமுக ஆபீசுல கிளார்க்கு.”

“அதுக்கு முன்னம்?”

“கப்பல்ல தந்தி அடிச்சாரு. அது ஆச்சு ரொம்ப வருசம்.”

தம்பிராஜா காதுக்குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அம்மா, ஐயா கதைக்கிறார்.”

“என்னது?”

“விரலால கதைக்கிறார். ஒவ்வொரு நாளும் கதைச்சிருக்கிறார். முதல்ல ஒரு கப்பலின்ர அழைப்பெழுத்து வருது. அது அவர்ட கப்பலா இருக்கும். பிறகு, கேட்கிற எல்லாருக்கும் எண்டு வருது. பிறகு, நிறுத்து, எரியுது, நிறுத்து. திரும்பத் திரும்ப அதுதான் வருது. நிறுத்து, எரியுது.”

சாரதாம்பாள் பெட்டிக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றாள். பிறகு, “பெட்டியத் தூக்கிட்டுப் போக இது ஒரு வழியா?” என்றாள்.

“இல்லை அம்மா.”

“நேத்துத் தந்தி இல்லன்னீங்க. எல்லாம் ஒரே மாதிரி அடின்னீங்க. நீங்க சொன்னதுதானே?”

“நான்தான் சொன்னன். அது என்ர மடைத்தனம். எங்களுக்கு அடியைக் கேட்கத்தான் பழக்கினவை; அடி நீளமா, குறுக்கமா எண்டு மட்டும் பாப்பம். அவரால நீளமா அடிக்க ஏலாது. விரல் தட்டில பட்டவுடனே கரண்ட் உதறி எறிஞ்சு போடுது. அடி எல்லாம் ஒரே அளவுதான் வரும். அதால அவர் எழுத்தை அடியில வைக்கேல்லை. இடைவெளியில வைச்சிருக்கிறார். விரலைக் கொஞ்ச நேரம் தூக்கி வைச்சால் குறில். கன நேரம் தூக்கி வைச்சால் நெடில். நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன். அவர் சத்தமில்லாத இடத்தில கதைச்சவர்.”

அவள் புரிந்துகொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். அந்த வைத்தியருக்குத் தெரியாததா, நேற்று வந்தவருக்குத் தெரிந்துவிட்டது? நாலு மாதமாக ஊட்டிக் கழுவித் துடைத்துக் கூடவே கிடந்தவளுக்குத் தெரியாததா?

“அப்ப ஒண்ணு கேக்குறேன். இவரு பதில் சொல்லட்டும். கல்யாணத்துக்கு மறுநாள் எனக்கு என்ன வாங்கிட்டு வந்தாரு?”

தம்பிராஜா பித்தளைத் தட்டை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தார். கறுத்த நுனி விரல் அதன் மேல் கிடந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தட்டத் தொடங்கியது. இப்போது உதறி எறிய கரண்ட் இல்லை; விரல் அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தது. தம்பிராஜா ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகக் கூட்டிக்கொண்டு வந்து, நெற்றியைச் சுருக்கினார்.

“செருப்பு எண்டு வருது. பிறகு… ரெண்டும் இடது. ரெண்டும் இடது காலோ? எனக்கு விளங்கேல்லை அம்மா.”

சாரதாம்பாளுக்கு விளங்கியது. கல்யாணமான மறுநாள் ஜோங்கர் தெருக் கடையில் அவசர அவசரமாக வாங்கிக்கொண்டு வந்த செருப்பு, இரண்டும் இடது காலுக்கானது. மாற்றப் போக வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினார். அவள் சொன்னதில்லை. முப்பது வருஷமாக ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொன்னதில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே இருந்திருக்கிறார். சித்திரையிலிருந்து முழுசாக உள்ளே இருந்திருக்கிறார். டாக்டர் தலையாட்டினபோது, ரஹீமா வந்து பார்த்தபோது, தெருவெல்லாம் அவரைப் பற்றி ‘பாவம்’ என்று பேசினபோது, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். அவள் சொன்னது சரிதான். அந்தச் சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கியது. அது பொங்கி முடிவதற்குள் மற்றது வந்துவிட்டது.

“வெரல மேல தூக்கி வெச்சிருக்கிறப்ப வலி இருக்காது, இல்லியா?” என்று கேட்டாள்.

“இருக்காது. கரண்ட் போகாது.”

“அந்த நேரத்துலதான் பேசியிருக்காரு.”

“ஓம்.”

“அப்பத்தான் நான் புடிச்சு அழுத்துவேன்.”

தம்பிராஜா காதுக்குழாயைச் சுருட்டிக் கைப்பெட்டியின் மேல் வைத்தார்.

“முதல் தரமே எனக்குப் பாதி விளங்கீட்டுது” என்றார் அவர். “நிச்சயப்படுத்தத்தான் இன்னொருக்கா போடச் சொன்னன். நானும் அவரை ஒருக்கா எரிச்சுப் போட்டன்.” அதை அவர் அப்பாசாமியைப் பார்த்துத்தான் சொன்னார்.

இந்தத் தெருவில் நாற்பது ரேடியோ. ஒவ்வொன்றிலும், எந்த ஸ்டேஷனில் முள் நின்றாலும், ஒரு மனிதன் நாள் தவறாமல் எரிகிறது, நிறுத்து என்று சொல்லிக்கொண்டிருந்தான். எவனாவது தந்தி தெரிந்தவன் காதில் விழாதா என்று கணக்குப் போட்டு, தன் கட்டிலையே கப்பலாக்கிக் கூப்பிட்டிருக்கிறான். எல்லாரும் அவன் சத்தம் கேட்டதும் முள்ளைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். அவன் கூடவே வந்தான். அதற்கு ஊரே சேர்ந்து அவனைச் சபித்தது. ஊரையும் குற்றம் சொல்ல முடியாது; யாருக்குத் தெரியும்.

சாரதாம்பாள் எழுந்து பெட்டியைத் தூக்கித் தம்பிராஜாவின் கையில் கொடுத்தாள். பித்தளைத் தட்டையும் வயரையும் அதன் மேல் வைத்தாள். “வைத்தியர் கேட்டா என்கிட்ட வரச் சொல்லுங்க” என்றாள். அவர் கொடியேற்றம் முடிந்ததும் வருவதாகவும், ஐயாவோடு உட்கார்ந்து பேசுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அவள் தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து அந்த விரலுக்குப் போட்டாள்.

மறுநாள் காலையில் கோலாலம்பூரில் மழை, அதனால் தாமதம் என்று ரேடியோவில் சொன்னார்கள். கலியாணசுந்தரம் கடைப் பந்தலில் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தது. ரேடியோவில் ஒரு பொட்டுக் கீறல் இல்லை. அவன் சத்தத்தை முழுக்கத் திறந்து வைத்திருந்ததால் சாரதாம்பாள் வீட்டுக்குள்ளும் எல்லாம் கேட்டது. ரஹீமா வந்து, வாங்க அக்கா, ஒரு நாழி போயிட்டு வரலாம் என்று கூப்பிட்டாள். அவள் போகவில்லை.

புருஷனை முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்திருந்தாள். அவர் கையைத் தன் மடியில் வைத்து, விரலைத் தன் உள்ளங்கையில் பதித்துக்கொண்டாள். தம்பிராஜா வரும்வரை காத்திருக்க முடியாது. அவளுக்கு இங்கிலீஷும் தெரியாது, தந்தியும் தெரியாது. தெரிந்ததை வைத்துக்கொண்டு பேச வேண்டியதுதான்.

“ஆமான்னா ஒரு தரம் தட்டுங்க. இல்லன்னா ரெண்டு தரம். வெளங்குதா?”

விரல் ஒரு தரம் தட்டியது.

“பசிக்குதா?”

இரண்டு.

“வெரல் இன்னும் எரியுதா?”

ஒன்று.

கடைப் பக்கமிருந்து கைதட்டலும் ஆரவாரமும் கிளம்பின. ‘மெர்டேக்கா’, அதாவது சுதந்திரம் என்று ரேடியோவில் பெரிய கூட்டம் ஒன்று கத்தியது. தெருவும் சேர்ந்து கத்தியது. அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். ராத்திரியிலிருந்து மனதில் வைத்திருந்த கேள்வி ஒன்று இருந்தது. கேட்காமல் விட்டுவிடலாம். கேட்காமல் விட்டால் அவர் இன்னொரு நாலு மாதம் அதைச் சொல்லாமல் கிடக்க வேண்டும்.

“என் மேல கோவமா?”

விரல் அசையவில்லை. மேலே எழும்பியது. எழும்பி, நடுங்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. அவள் கை தன்னை அறியாமல் அழுத்தப் போயிற்று. போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, அது எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

விரல் இறங்கியது. ஒரு தரம் தட்டியது. அதோடு நின்றுவிட்டது.

அவள் இன்னொரு தட்டலுக்காகக் காத்துப் பார்த்தாள். வரவில்லை. அழுகை வந்தது. அழுதுகொண்டே, “இருக்கணும். கோவம் இருக்கத்தான் இருக்கணும்” என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் விரலை உள்ளங்கையில் சரியாக வைத்துக்கொண்டு, அடுத்ததைக் கேட்டாள்.

“நெறைய கோவமா?”